பட்டறைத் தூசியை எங்கே பிடிப்பது? வாசகர் கேள்வி - பதில்

வீட்டுக்குள்ளேயே மரவேலை செய்கிறவர்களிடமிருந்து தூசி பற்றித் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. இந்த இதழில் வடசென்னை வாசகர்களின் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

எங்கள் வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். பழைய சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில், கீழ் அறை இப்போது தெருவிலிருந்து இரண்டடி பள்ளத்தில் இருக்கிறது. 12-க்கு 10 அடி, உயரம் ஒன்பதரை. தெருப் பக்கம் ஒரு ஜன்னல், எதிர்ப்பக்கம் மாடிப்படி. 8 அங்குல டேபிள் சா (மேசை ரம்பம்), சாண்டர் (உப்புத்தாள் மெஷின்), பிளானர் (இழைப்பு மெஷின்) வைத்து கேரம் போர்டும் சின்ன அலமாரிகளும் செய்கிறேன். மாடியில் இருக்கும் அம்மாவுக்கு ஆஸ்துமா. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டினால் தூசி போய்விடுமா? — பழைய வண்ணாரப்பேட்டை

ஃபேன் வேண்டும், ஆனால் அது கடைசி வேலை. தூசியை அது கிளம்பும் இடத்திலேயே பிடிப்பதுதான் முதல் வேலை. காற்றில் கலந்துவிட்ட தூசியைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம், செலவும் அதிகம்.

ஏன் என்றால், கண்ணுக்குத் தெரிகிற மரத்தூள் தரையில் விழுந்துவிடும், பெருக்கி அள்ளிவிடலாம். நுரையீரலுக்குள் போவது பத்து மைக்ரானுக்குக் கீழே உள்ள பொடி. தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காற்று அசையாத அறையில், தண்ணீரின் அடர்த்தியுள்ள பத்து மைக்ரான் துகள் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 14 நிமிடம் ஆகும். ஐந்து மைக்ரான் துகளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். ஒரு மைக்ரான் துகளுக்கு இருபது மணி நேரம். சீலிங் ஃபேன் ஓடினால் அது இறங்கவே இறங்காது. நீங்கள் வேலையை முடித்துக் கை கழுவிவிட்டு மாடிக்குப் போகும்போது, அந்தப் பொடியும் படி வழியாக உங்களோடு மேலே போகிறது. அம்மாவுக்கு இழுப்பு வருவது மெஷின் ஓடும்போதுதான் என்றில்லை; இரவிலும் வரலாம்.

மரத்தூசி ஆஸ்துமாவோடு நிற்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. மூக்கின் உட்பகுதியும் அதை ஒட்டிய சைனஸ் அறைகளும்தான் அதிகம் பாதிக்கப்படுபவை. வருடக்கணக்கில் தினமும் சுவாசிப்பவர்களுக்கான எச்சரிக்கை அது. வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் நீங்களும் அந்தக் கணக்கில்தான் வருவீர்கள்.

இப்போது மெஷின் மெஷினாகப் போவோம். முதலில் சாண்டர். உங்களிடம் இருப்பவற்றில் மிக நுண்ணிய பொடியைக் கிளப்புவது அதுதான். கூடவே வரும் துணிப்பை கனமான தூளைப் பிடித்துக்கொண்டு நுண்பொடியை வெளியே ஊதிவிடும். பையைக் கழற்றிவிட்டு வேக்குவம் கிளீனரின் குழாயை அங்கே மாட்டுங்கள். வாய் பொருந்தாவிட்டால் ரப்பர் ரிட்யூசர் போடலாம். அதுவும் கிடைக்கவில்லையென்றால் பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றி, மேலே கிளாம்ப் போட்டு முடுக்குங்கள். 5 அங்குல உப்புத்தாள் வட்டில் எட்டு ஓட்டைகள் இருக்கும். அவை சாண்டரின் அடித்தட்டில் உள்ள ஓட்டைகளுக்கு நேராக உட்கார வேண்டும். வட்டை அவசரமாகக் கோணலாக ஒட்டுவதால்தான் பலருக்கு வேக்குவம் மாட்டியும் தூசி பறக்கிறது. ஓட்டையில்லாத மலிவு வட்டுகளை வாங்காதீர்கள். வலை போன்ற மெஷ் வட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. வேக்குவம் முழு வேகத்தில் இழுத்தால் சாண்டர் பலகையோடு ஒட்டிக்கொண்டு சுழிக்கோடு போடும். குழாயின் கைப்பிடியில் உள்ள சிறு ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும்.

டேபிள் சாவில் தூள் இரண்டு இடத்தில் வருகிறது. பெரும்பகுதி ரம்ப வட்டுக்குக் கீழே கொட்டும். மீதி, வட்டின் பல் மேலே வரும்போது உங்கள் முகத்தைப் பார்த்துத் தெறிக்கும். கீழே திறந்திருக்கும் அடிப்பாகத்தை 6 மி.மீ. பிளைவுட்டால் மூடி, அதில் உறிஞ்சும் வாயை வையுங்கள். மோட்டாருக்குக் காற்று போகும் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் காயில் சூடாகிக் கருகும். மேலே வட்டை மூடும் கார்டைக் கழற்றி மூலையில் போட்டிருந்தால் திரும்ப மாட்டுங்கள். அது விரலுக்கு மட்டும் பாதுகாப்பு அல்ல. அதன் முதுகில் ஒரு குழாயைச் சேர்த்துவிட்டால் முகத்துக்கு வரும் தூளையும் அதுவே வாங்கிக்கொள்ளும்.

பிளானர் போடும் குப்பையைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் அதில் பெரும்பாலும் சீவல். மூக்கைத் தாண்டி உள்ளே போகாது. சொல்லப்போனால், கேரம் போர்டின் சட்டத்தைக் கை இழைப்புளியால் இழைத்து, ஸ்க்ரேப்பர் தகட்டால் சீவி முடித்தால் சாண்டர் வேலை பாதியாகக் குறையும். பிளைவுட் முகத்தில் அப்படிச் செய்ய முடியாது, மேல் வெனீர் மெல்லியது. அங்கே உப்புத்தாள்தான்.

வேக்குவம் கிளீனருக்குள் என்ன ஃபில்டர் இருக்கிறது என்று திறந்து பாருங்கள். வெறும் துணி அல்லது ஸ்பாஞ்ச் மட்டும் இருந்தால், முன்னால் உறிஞ்சியதைப் பின்னால் ஊதிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே ஃப்ளீஸ் (நெய்யாத துணி) பை, அதற்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக உள்ள ஹெப்பா ஃபில்டர், இரண்டும் வேண்டும். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்குத்தான் ஹெப்பா என்று பெயர். பெட்டியில் ‘ஹெப்பா மாதிரி’ என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து ஃபேன். உங்கள் அறை 1,140 கன அடி. அறைக் காற்று மணிக்குப் பத்து முறை மாற வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 190 கன அடி, அதாவது மணிக்குச் சுமார் 320 கன மீட்டர் வெளியே போக வேண்டும். ஃபேன் பெட்டியில் இந்த அளவு அச்சிட்டிருக்கும். வலையும் மழைத்தடுப்பும் இழுவையைக் குறைக்கும் என்பதால் இரண்டு மடங்காக உள்ளதை எடுங்கள். ஃபேனை ஜன்னலின் மேல்பாதியில் மாட்டி, மீதியைப் பலகையால் முழுக்க அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் வெளியே தள்ளிய காற்றே பக்கத்து இடுக்கு வழியாக உடனே திரும்பி வரும். மாடிப்படிப் பக்கம் கதவு போட்டு, அடியில் மட்டும் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள். இப்போது காற்று வீட்டிலிருந்து பட்டறைக்குள் வந்து தெருவுக்குப் போகும். பட்டறையிலிருந்து வீட்டுக்குள் ஏறாது. அம்மாவுக்கு உண்மையாக உதவப்போவது இந்த ஏற்பாடுதான். ஃபேனை வேலைக்கு முன்பே போட்டு, முடித்தபின் ஒரு மணி நேரமாவது ஓடவிடுங்கள்.

சாண்டர் ஓடும்போது சீலிங் ஃபேனை நிறுத்த வேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான், தெரிந்தே சொல்கிறோம். எக்ஸாஸ்ட் இழுக்கும் காற்றோட்டத்துக்கு முதுகைக் காட்டியும் நிற்காதீர்கள். உடம்பு மறைப்பதால் முகத்துக்கு முன்னால் காற்று சுழன்று தூசியை மூக்குக்கே கொண்டுவரும். பக்கவாட்டில் நிற்பதே சரி.

பெருக்குமாறு வேண்டாம், கம்ப்ரஸரால் ஊதவே கூடாது. வேக்குவம் போட்டு, பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையைக் கீழேயே கழற்றி வைத்துவிட்டு மாடி ஏறுங்கள்.

பள்ளத்தில் இருக்கும் அறை என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாமையும் பார்த்த பகுதி உங்களுடையது. பிளக் பாயின்ட்டுகள் தரையிலிருந்து நாலடிக்கு மேலே இருக்கட்டும். வேக்குவத்தைத் தரையில் விடாமல் சுவரில் தாங்கி அடித்து ஏற்றிவிடுங்கள். ஐப்பசி பிறப்பதற்குள் மரத்தூள் மூட்டைகளைக் காலி செய்யுங்கள். நனைந்த தூளில் பூஞ்சை பிடித்தால், ஆஸ்துமா உள்ளவருக்கு அது மரத்தூசியைவிடப் பெரிய தொல்லை.

வேக்குவம் பை சீக்கிரம் நிறைகிறது என்று வேக்குவத்துக்கு முன்னாலேயே காற்றைச் சுழலவிட்டுத் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் மாதிரி ஒன்றைப் பெயின்ட் பக்கெட்டில் செய்தேன். குழாயில் சீவல் அடைத்ததும் பக்கெட் நசுங்கிவிட்டது. நசுங்காத நாட்களிலும் பாதித் தூள் வேக்குவத்துக்கே போகிறது. — வியாசர்பாடி

இரண்டும் தனித்தனிக் கோளாறு. குழாய் அடைத்தால் வேக்குவத்தின் முழு இழுவையும் பக்கெட் சுவரின்மேல் விழும். 20 லிட்டர் பெயின்ட் பக்கெட் அதைத் தாங்காது. ஒரு பக்கெட்டுக்குள் இன்னொன்றை இறுக்கமாகச் செருகிவிட்டால் சுவர் இரட்டையாகி நிற்கும். அல்லது கெமிக்கல் வரும் கனமான நீல நிற டிரம்மில், மூடிக்கு இரும்பு வளையம் போட்ட சின்ன அளவு ஒன்றை வாங்குங்கள். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

தூள் பிரியாமல் போவதற்குக் காரணம், உள்ளே தடுப்புத் தட்டு இல்லாதது அல்லது மூடியில் கசிவு. மூடிக்குக் கீழே, 6 மி.மீ. பிளைவுட்டில் வட்டமாக ஒரு தட்டு வெட்டித் தொங்கவிட வேண்டும். வட்டத்தின் மூன்றில் ஒரு பாகம், அதாவது 120 டிகிரி, பக்கெட் சுவரைத் தொட்டுக்கொண்டு இருக்கட்டும். மீதி 240 டிகிரிக்கு ஓரத்தில் 28 மி.மீ. அகலத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். அந்த இடைவெளி வழியாகத்தான் தூள் கீழே விழும். தூள் உள்ளே வரும் வாய் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பாயும்படி வளைந்திருக்க வேண்டும். அதற்கு நேர் கீழே வெட்டாத பாகம் வரட்டும். வந்த வேகத்திலேயே தூள் இடைவெளிக்குள் பாய்ந்தால் கீழே கிடப்பதையும் கிளப்பிவிடும். நடுவில் வேக்குவத்துக்குப் போகும் குழாய், தட்டுக்கு மேலே தன் விட்டத்தில் பாதி உயரத்தில் முடியட்டும். 40 மி.மீ. குழாய் என்றால் 20 மி.மீ. இடைவெளி.

மூடியின் விளிம்பில் ஜன்னல்களுக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டையை ஒட்டுங்கள். குழாய் நுழையும் ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடையுங்கள். ஊசித் துளை வழியாகக் கீழிருந்து காற்று ஏறினாலும் விழுந்த தூள் மறுபடி சுழன்று மேலே போய்விடும். சரிபார்க்க, ஓடும்போது ஊதுவத்தியின் புகையை மூடியைச் சுற்றிக் காட்டுங்கள். எங்கே புகை உள்ளே இழுக்கப்படுகிறதோ அங்கே ஓட்டை. தூளைத் தொடுவதற்கு முன்பு, பக்கெட் காலியாக இருக்கும்போதே இந்தச் சோதனையை முடித்துவிட்டு ஊதுவத்தியை அணைத்துவிடுங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கொட்டிவிட வேண்டும். நிறையவிட்டால் பிரிப்பது நின்றுபோகும். இதெல்லாம் சரியாகச் செய்தாலும் பக்கெட் பிடிப்பது கனமான தூளைத்தான். நுண்பொடி வேக்குவத்துக்கே போகும், ஆகவே பையும் ஹெப்பாவும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வீடு முழுக்கப் பிளம்பிங் செய்தபோது மிஞ்சிய 110 மி.மீ. பி.வி.சி. பைப்பை வைத்து மூன்று மெஷினுக்கும் தூசிக் குழாய் போட்டு, முனையில் வேக்குவம் கிளீனரை மாட்டினேன். இழுவையே இல்லை. மோட்டார் போதவில்லையா? — கொளத்தூர்

மோட்டாரில் குறை இல்லை, பைப்பின் அளவுதான் தவறு. வேக்குவம் கிளீனர் ஆழமாக, அதாவது சின்னச் சந்து வழியாகவும் பலமாக, இழுக்கும், ஆனால் கொஞ்சம் காற்றைத்தான் இழுக்கும். நிமிடத்துக்கு நூறு கன அடி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று 110 மி.மீ. பைப்பில் பரவும்போது அதன் வேகம் நொடிக்கு ஐந்தாறு மீட்டருக்கு இறங்கிவிடும். மரத்தூள் படியாமல் நகர நொடிக்கு 20 மீட்டர் வேண்டும். வழியிலேயே தூள் படுத்துவிடுகிறது. அதே காற்று 50 மி.மீ. பைப்பில் 25 மீட்டருக்கு மேல் வேகத்தில் ஓடும். வேக்குவத்துக்கு 50-க்கு மேல் போகாதீர்கள். பாதையையும் முடிந்தவரை குட்டையாக வையுங்கள்.

110 மி.மீ. பைப்பைப் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் துணிப்பையோ கேட்ரிட்ஜ் ஃபில்டரோ உள்ள டஸ்ட் கலெக்டர் வாங்க வேண்டும். அது ஆழமாக இழுக்காது, ஆனால் ஏராளமான காற்றை இழுக்கும். இந்த நாலங்குலப் பைப்பில் 20 மீட்டர் வேகம் வர நிமிடத்துக்குச் சுமார் 350 கன அடி தேவை. வாங்கும்போது பெட்டியில் போட்ட எண்ணை நம்பி விடாதீர்கள், அது குழாயும் ஃபில்டரும் இல்லாமல் அளந்தது. டேபிள் சாவுக்கும் பெரிய பிளானருக்கும் இது பொருந்தும். கை சாண்டரின் 35 மி.மீ. வாயில் இதை மாட்டினால் பயன் இல்லை. 35 மி.மீ. வாயின் பரப்பு 100 மி.மீ. வாயில் எட்டில் ஒரு பங்குதான். அந்தச் சந்தில் காற்று நுழைய ஆழமான இழுவை வேண்டும், அது கலெக்டரிடம் இல்லை. சாண்டருக்கு வேக்குவம், டேபிள் சாவுக்குக் கலெக்டர் என்று இரண்டும் வைத்திருப்பவர்கள் அதிகம், காரணம் இதுதான்.

வளைவுகளில் 90 டிகிரி எல்போவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி போடுங்கள். கிளை பிரியும் இடத்தில் ‘டீ’ (T) வடிவ இணைப்பு வேண்டாம், ‘ஒய்’ (Y) வடிவம் போடுங்கள், காற்று போகும் திசைக்குச் சாய்ந்து. சுருக்கம் சுருக்கமாக இருக்கும் நெளிகுழாயில் நேர் பைப்பைவிட இழுவை பல மடங்கு வீணாகும். மெஷினிடம் மட்டும் ஒரு முழ அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையிலும் இழுத்துத் திறந்து மூடும் நழுவு தகடு வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றையே திறக்க வேண்டும். பைப்புகளைச் சால்வென்ட் போட்டு ஒட்டாமல் ஸ்க்ரூ அடித்து டேப் சுற்றுங்கள். என்றைக்காவது அடைத்தால் கழற்ற வேண்டியிருக்கும்.

மழையில்லாத நாட்களில் பைப்பைத் தொட்டால் சுரீரென்று அடிக்கலாம். உரசலில் சேரும் நிலைமின்சாரம் அது. வெளியே வெற்றுச் செம்புக் கம்பியைச் சுற்றி எர்த்தோடு சேர்த்தால் குறையும்.

கரன்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 16 ஆம்பியர் பாயின்ட் 230 வோல்ட்டில் 3,680 வாட்தான் தாங்கும். 1,400 வாட் வேக்குவமும் 1,500 வாட் சாவும் ஒன்றாக அதில் ஓடலாம், ஆனால் இரண்டையும் ஒரே நொடியில் போட்டால் தொடக்க இழுவையில் எம்.சி.பி. விழும். முதலில் வேக்குவம், இரண்டு மூன்று நொடி கழித்து சா. மல்டி பிளக் வைத்து நீட்டிய மெல்லிய ஒயரில் இரண்டையும் மாட்டவே வேண்டாம். கூடவே, கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள்.

கர்ச்சீப் கட்டிக்கொண்டால் போதாதா? — பெரம்பூர்

போதாது. சர்ஜிக்கல் மாஸ்க்கும் போதாது, ஓரம் எல்லாம் திறந்திருக்கிறது. ஐ.எஸ். 9473 என்று அச்சிட்ட எஃப்.எஃப்.பி.2 வகை மாஸ்க், அல்லது என்95 வாங்குங்கள். காதில் மாட்டுவதைவிடத் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிறது நன்றாக அழுந்தும். மாட்டியதும் மூக்குக் கம்பியை அழுத்திவிட்டு இரு கையாலும் மூடி ஊதிப் பாருங்கள். கண்ணுக்குக் கீழே காற்று அடித்தால் பொருந்தவில்லை. தாடி இருந்தால் எந்த மாஸ்க்கும் ஒட்டாது. துவைக்கக் கூடாது: அந்த இழைகளில் ஏற்றிவைத்திருக்கும் மின்னூட்டம்தான் நுண்பொடியைப் பிடிக்கிறது, தண்ணீர் பட்டால் அது போய்விடும். மெஷினை நிறுத்திய உடனே கழற்றாதீர்கள், நுண்பொடி தரைக்கு இறங்க நேரமாகும் என்று முதல் பதிலில் சொன்ன கணக்கு இங்கேயும் உண்டு. தின்னர் வாசனைக்கு இது பயன்படாது. அதற்குக் கார்பன் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் தனி.

ஈட்டி மரமும் தேக்கும் சிலருக்குத் தோலில் அரிப்பையும் மூக்கில் எரிச்சலையும் கொண்டுவரும். முதல் தடவை ஒன்றும் செய்யாமல், உடம்பு பழகப் பழகத்தான் வரும். தடிப்பு வந்தால் அந்த மரத்தை விட்டுவிடுவதே வழி.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் மொட்டை மாடி அறையில் வேலை செய்கிறேன். கிழக்கு ஜன்னலில் எக்ஸாஸ்ட் வைத்தேன். காலையில் நன்றாக இழுக்கிறது, மதியம் தூசி திரும்பி முகத்தில் அடிக்கிறது. டேபிள் சாவின் மேல்தட்டில் துருப் புள்ளியும் வருகிறது. — ராயபுரம்

மதியம் கடல்காற்று வந்துவிடுகிறது. கிழக்கிலிருந்து வீசுகிற காற்றுக்கு எதிராகத் தள்ள வீட்டு எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் பலம் கிடையாது. ஃபேனை மேற்குச் சுவருக்கு மாற்றி, கிழக்கு ஜன்னலைக் காற்று உள்ளே வரும் வழியாக வையுங்கள். அப்போது கடல்காற்றே உங்களுக்கு வேலை செய்யும். கோடையில் காலையில் மேற்கிலிருந்து வெப்பக்காற்று அடிக்கும் நேரத்தில் மட்டும் எதிர்ப்பு இருக்கும். சாண்டிங் வேலையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். மேற்கே பக்கத்து வீட்டுக் கொடியில் துணியோ மாடியில் வடாமோ காய்ந்தால், வெளியே விடும் காற்றையும் வடிகட்டித்தான் விட வேண்டும். ஏ.சி. சர்வீஸ் கடைகளில் கிடைக்கும் இரண்டடிச் சதுர ஃபில்டர்களில் முன்னால் பெருந்தூசிக்கான ஜி4, பின்னால் நுண்தூசிக்கான எஃப்7 என்று பிளைவுட் பெட்டியில் அடுக்கி, ஃபேனுக்கு உள்பக்கம் பொருத்துங்கள். ஃபில்டர் ஃபேனுக்கு முன்னால் இருந்தால் மோட்டாரும் சுத்தமாக இருக்கும். ஃபேனைவிட ஃபில்டர் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுக்காது. வெளியே விட வழியே இல்லாத வீடுகளில் இதே பெட்டியை அறைக்குள் மேலே தொங்கவிட்டு ஓட்டலாம்.

துருவுக்குக் காரணமும் தூசிதான். மேல்தட்டில் விட்டுப்போன மரத்தூள் உப்புக்காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு இரவு முழுக்க இரும்போடு ஒட்டிக் கிடக்கிறது. கருவேல மரம் அறுத்த நாளில் அதன் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து தட்டு கறுத்துவிடும். மாலையில் தூளை உறிஞ்சி, உலர் துணியால் துடைத்து, வாரம் ஒரு முறை பேஸ்ட் வேக்ஸ் தேயுங்கள். சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே வேண்டாம். அது மரத்தில் ஒட்டினால் பாலிஷ் குழிகுழியாக விலகும்.

ஒரே அறையில் கிரில் வெல்டிங்கும் மரவேலையும் நடக்கிறது. கிரைண்டர் தூளையும் அதே வேக்குவத்தால் உறிஞ்சலாமா? — தண்டையார்பேட்டை

கூடவே கூடாது. கிரைண்டர் பொறி ஒன்று மரத்தூள் பைக்குள் போனால் உடனே பற்றாது. உள்ளே கனன்றுகொண்டே இருந்து, நீங்கள் பூட்டிவிட்டுப் போன பிறகு, உறிஞ்சிய காற்று நின்றபின் மெதுவாகப் பிடிக்கும். இரும்பு வேலைக்கு வேறு வேக்குவம் அல்லது வெறும் காந்தமும் தகரமும் போதும். இரும்பு வேலை நாளில் மரத்தூள் பக்கெட்டை அறைக்கு வெளியே வையுங்கள், இடையில் தரையைத் துடையுங்கள். ஒரு வாளி மணலும் ஏ.பி.சி. வகைத் தீயணைப்பானும் கதவருகில் இருக்கட்டும், மெஷினுக்குப் பின்னால் அல்ல.

ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியையும் சுருட்டி மூலையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணியில் சூடு வெளியேற முடியாமல் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீர் நிறைந்த டப்பாவில் போட்டு மூடுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயவையுங்கள். தின்னர், ஸ்பிரிட் பாலிஷ் அடிக்கும்போது வேக்குவத்தைத் தொடாதீர்கள். அதன் மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷில் எப்போதும் பொறி வரும்.

தூசி அளக்கும் சின்ன மீட்டர் வாங்கினேன். மெஷினைத் தொடுவதற்கு முன்பே பி.எம். 2.5 (இரண்டரை மைக்ரானுக்குள் அடங்கும் பொடி) எண்பது காட்டுகிறது. பழுதா? — மாதவரம்

பழுது என்று சொல்ல முடியாது. லேசர் சென்சார் ஈரத்துளியையும் தூசியாக எண்ணிவிடும். மார்கழி விடியற்காலையில் கூட்டித்தான் காட்டும். லாரி ஓடும் சாலைப் பக்கம் வீடு என்றால் வெளித்தூசியும் சேரும். ஆகவே எண்ணைப் பார்க்காமல் வித்தியாசத்தைப் பாருங்கள்: வேலைக்கு முன்பு, சாண்டர் ஓடும்போது, முடித்து ஒரு மணி நேரம் கழித்து. மூன்றாவது எண் முதல் எண்ணுக்குத் திரும்பவில்லையென்றால் உங்கள் ஃபேனோ ஃபில்டரோ போதவில்லை. மீட்டரை மூச்சு விடும் உயரத்தில் வையுங்கள்.

பட்டறைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எக்ஸாஸ்ட் குழாய்க்கு அதில் ஓட்டை போட வேண்டும். — கொடுங்கையூர்

ஷீட்டில் போடாதீர்கள், சுவரில் போடுங்கள். கட்டரையோ கிரைண்டரையோ அந்த ஷீட்டில் வைத்தால் கிளம்பும் இழைகள் நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடியவை. அவை கண்ணுக்குத் தெரியாது, பெருக்கினால் மறுபடி பறக்கும். ஏற்கெனவே உடைந்த துண்டு கிடந்தால் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் எடுத்து, கனமான பாலிதீனில் இரண்டு சுற்றுச் சுற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டுத் தனியே ஒப்படையுங்கள். ஷீட்டின் கீழ்ப்பக்கம் உதிரத் தொடங்கியிருந்தால் அடியில் ஜிப்சம் அல்லது பி.வி.சி. பலகையால் சீலிங் போட்டுவிடலாம். ஆணியும் ஸ்க்ரூவும் கீழே உள்ள இரும்புச் சட்டத்தில்தான் பிடிக்க வேண்டும், ஷீட்டில் அல்ல.

டைல்ஸ், கிரானைட், சிமென்ட் சுவரில் ஒயருக்குக் காடி எடுப்பது எல்லாவற்றிலும் சிலிக்கா தூசி வரும். அது மரத்தூசியைவிடக் கொடியது. தண்ணீர் சொட்டவிட்டுத்தான் வெட்ட வேண்டும். மெஷின் ஆர்.சி.சி.பி. உள்ள லைனில் இருக்கட்டும்.

சேரும் மரத்தூளை என்ன செய்வது? — கொருக்குப்பேட்டை

பிரித்து வைத்தால் வழி இருக்கிறது. பாலிஷோ பெயின்ட்டோ படாத கட்டை மரத்தின் தூளைச் சமையல் கழிவோடு உரத்தொட்டியில் போடலாம். ஒரு பங்கு தூளுக்கு இரண்டு மூன்று பங்கு பச்சைக் கழிவு இருக்க வேண்டும். தூள் அதிகமானால் மக்காமல் நின்றுவிடும். தேக்குத் தூள் மெதுவாகத்தான் மக்கும். பிளைவுட், எம்.டி.எஃப். தூளில் பசை கலந்திருக்கிறது. செடிக்கும் வேண்டாம், வெந்நீர் அடுப்புக்கும் வேண்டாம். எரித்தால் நச்சுப்புகைதான் வரும். மூட்டையாகக் கட்டி உலர் குப்பையில் கொடுங்கள். பக்கெட்டை வெளியே கொண்டுபோய், வாயைச் சாக்கின் அடிவரை இறக்கி வைத்துவிட்டுக் கவிழ்த்தால் கொட்டும்போது பறக்காது. அந்த இரண்டு நிமிடத்துக்கும் மாஸ்க் மூக்கின்மேல் இருக்கட்டும்.